உப்புக்காற்றில் ஒரு சேர்வர்: ரெய்டு 1 அமைப்பது

திருகோணமலையில் சிறிய அலுவலகம் ஒன்றுக்கு, ஒரே தரவை இரண்டு வட்டிலும் எழுதிவைக்கும் ரெய்டு 1 போதும். 4 டெராபைட் வட்டு இரண்டு வாங்குங்கள், ஆனால் ஒரே உற்பத்தித் தொகுதியில் வேண்டாம். கூடப் பிறந்தவை கூடவே சாகும். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும் எஸ்எம்ஆர் வகையையும் தவிருங்கள், மாற்று வட்டில் தரவை மீளக் கட்டும்போது இழுத்தடிக்கும்.

வட்டைப் பார்ட்டிஷனாகப் பிரிக்கும்போது கடைசியில் 100 மெகாபைட்டை வெறுமையாக விடுங்கள். நாளைக்கு வாங்கும் மாற்று வட்டு சற்றுச் சிறியதாக இருந்தால் லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆட்ம் அதை ஏற்காது. இரண்டு வட்டையும் சேர்த்து லெவல் 1 (ரெய்டு 1) வரிசையை உருவாக்கியதும் ஒத்திசைவு தொடங்கும்: விநாடிக்கு 150 மெகாபைட் என்றால் ஏறத்தாழ ஏழரை மணித்தியாலம். யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

பலர் மறப்பது சேர்வரை எழுப்பும் பூட்லோடரை. க்ரப் என்ற அந்த நிரலை இரண்டு வட்டிலும் நிறுவாவிட்டால், முதல் வட்டு செத்த அன்று தரவு பத்திரமாக இருக்கும், சேர்வர்தான் எழும்பாது. சேர்வர் பூட் ஆவது யூஇஎஃப்ஐ முறையில் என்றால், பூட்லோடர் இருக்கும் ஈஎஸ்பி பார்ட்டிஷனும் இரண்டிலும் வேண்டும். ஒத்திசைவு முடிந்தபின் சேர்வரை நிறுத்தி, ஒரு வட்டைக் கழற்றிவிட்டுப் பூட் பண்ணிப் பாருங்கள். பிறகு கழற்றியதை மாட்டி வரிசையில் திரும்பச் சேர்க்க வேண்டும். தானாகச் சேரும் என்று நம்பியிருக்காதீர்கள்.

வட்டு தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 199ஆம் எண் (கேபிள் வழித் தரவுப் பிழைகள்) ஏறிக்கொண்டே போனால், வட்டை எறியுமுன் சாட்டா கேபிளை மாற்றுங்கள். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கும்.

தவறி அழித்த கோப்பு இரண்டு வட்டிலும் ஒரே கணத்தில் போய்விடும். அதற்குத் தனி பேக்கப், வேறு கட்டடத்தில்.