இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரம், பறக்கும் நேரம்: நாமே கணக்குப் போடுவது எப்படி?

இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு இடையே பறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று இணையத்தில் தேடினால் 34 நிமிடம் என்று வரும். டிக்கெட்டில் பார்த்தால் 1 மணி 10 நிமிடம் என்றிருக்கும். இரண்டுமே பொய்யில்லை. எப்படி என்று பார்ப்போம்.

படி 1: இடத்தைக் குறியுங்கள்

ஊர்ப் பெயரை நம்ப வேண்டாம். ஒரே ஊருக்கு இரண்டு மூன்று விமான நிலையங்கள் இருக்கலாம். மூன்றெழுத்துக் குறியீட்டைக் கொண்டு தேடி, அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எழுதிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, முதல் நிலையம் வடக்கு 40°, கிழக்கு 10°. இரண்டாவது வடக்கு 43°, கிழக்கு 14°.

படி 2: நேர்த்தூரம்

ஒரு பாகை அட்சரேகை சுமார் 111 கி.மீ. ஆகவே 3 பாகைக்கு 333 கி.மீ. தீர்க்கரேகையில்தான் பலரும் சறுக்குவார்கள். துருவத்தை நோக்கிப் போகப் போக அந்தக் கோடுகள் நெருங்கிவிடும். அதனால் 111-ஐ நடு அட்சரேகையின் காஸ் மதிப்பால் (கால்குலேட்டரில் cos பொத்தான் தருவது) பெருக்க வேண்டும். இங்கே நடு அட்சரேகை 41.5°, அதன் காஸ் 0.749. எனவே 4 × 111 × 0.749 = சுமார் 333 கி.மீ.

அப்புறம் பள்ளியில் படித்த பிதாகரஸ்தான்: இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 470 கி.மீ. சில நூறு கிலோமீட்டருக்கு இந்தச் சுருக்கு வழி போதும். கண்டம் தாண்டும் பயணத்துக்கு இது உதவாது, கோள வடிவச் சூத்திரம் வேண்டும். சரிபார்க்க, கூகுள் மேப்ஸில் தூரம் அளக்கும் வசதி இருக்கிறது.

விமானத் துறையில் கடல் மைல்தான் வழக்கம். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., ஆக இது 254 கடல் மைல். கிலோமீட்டர் என்று நினைத்துக் கடல் மைலைப் போட்டு நானே ஒருமுறை பறக்கும் நேரத்தைப் பாதியாகக் கணக்கிட்டிருக்கிறேன்.

படி 3: நேரம்

விமானம் நூல் பிடித்த மாதிரி நேராகப் போவதில்லை. புறப்படும் திசை, வான்வழிப் பாதை, இறங்கும் ஓடுபாதை எல்லாம் சேர்ந்து தூரத்தை நீட்டும். 500 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

ஏடிஆர் 72 போன்ற டர்போபிராப் (சுழல்விசிறி கொண்ட) விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் பறக்கும்: 60 நிமிடம். ஏ320 போன்ற ஜெட் சுமார் 830 கி.மீ.: 36 நிமிடம். ஆனால் மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் இந்த வேகம் இருக்காது. அதற்காக முன்னதற்கு 10 நிமிடம், உயரம் அதிகம் என்பதால் ஜெட்டுக்கு 15 நிமிடம் சேர்க்கிறேன். தரையில் ஊர்ந்து போக இரண்டுக்கும் 15. மொத்தம் 85, 66 நிமிடம்.

இப்போது புரிந்திருக்கும். முதலில் சொன்ன 34 நிமிடம், 470-ஐ 830-ஆல் வகுத்தது மட்டும்தான். டிக்கெட்டிலோ விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்வது முதல் அடுத்த ஊரில் போய் நிற்பது வரை கணக்கு. ஜெட்டின் வேகம் ஒன்றரை மடங்குக்கு மேல், மிச்சமாவதோ 19 நிமிடம்.

படி 4: காற்றும் கடிகாரமும்

மணிக்கு 80 கி.மீ. எதிர்காற்று அடித்தால் டர்போபிராப்பின் அந்த 60 நிமிடம் 71 ஆகும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 52.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். சேரும் ஊர் ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்தால், 10:00-க்குக் கிளம்பிய 85 நிமிட விமானம் 10:25-க்குச் சேர்வதாக அச்சாகியிருக்கும். கழிக்கும் முன் இரண்டையும் ஒரே நேர மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.