சுருக்காத வீடியோவுக்குக் கேம்கார்டர் வாங்கும்போது பார்க்க வேண்டியவை

திற்பரப்பு அருவியைச் சாதாரண கேம்கார்டரில் எடுத்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். நுரை இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள் நிற்கும். முட்டம் பாறையில் அலை சிதறும்போதும், காற்றில் தென்னந்தோப்பு ஆடும்போதும் இதேதான். அடுத்த பிரேமில் மாறாத பகுதியை விட்டுவிட்டு, மாறியதை மட்டும் எழுதி வைத்துத்தான் கேமரா வீடியோவைச் சுருக்குகிறது. தண்ணீர் விழும்போது மாறாத பகுதி என்று ஒன்றுமே இல்லை. கொடுத்த பிட்ரேட்டுக்குள் (வினாடிக்கு எழுத அனுமதித்த தரவின் அளவு) அடக்க முடியாமல், வீடியோவைச் சுருக்கும் முறையான கோடெக் நுணுக்கங்களை வெட்டிவிடுகிறது.

கன்னியாகுமரியில் சூரியன் மறையும் நேரத்து வானத்தில் வரும் கோடுகளுக்குக் காரணம் வேறு. 8 பிட் வீடியோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 10 பிட்டில் 1024. ஆரஞ்சு மெல்ல நீலமாகும் இடத்தில் 256 படிகள் போதாமல், பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும். சுருக்காமல் எடுத்தாலும் 8 பிட் என்றால் இந்தப் பட்டை போகாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் செலவு செய்தவர்கள் நிறைய.

கடையில் போய் "அன்கம்ப்ரஸ்டு எடுக்கிற கேம்கார்டர் இருக்கா?" என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. வழக்கமான கேம்கார்டர் எதுவும் தன் மெமரி கார்டில் சுருக்காத வீடியோவை எழுதுவதில்லை. கணக்கைப் பாருங்கள். 1920 × 1080, வினாடிக்கு 25 பிரேம், 4:2:2 (இரண்டு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல்), 8 பிட் என்றால் வினாடிக்கு 104 எம்பி (மெகாபைட்), ஒரு மணி நேரத்துக்கு 373 ஜிபி. அதே 10 பிட் என்றால் வினாடிக்கு 138 எம்பி, மணிக்கு ஏறத்தாழ 500 ஜிபி. 4கே 25 பிரேம், 10 பிட் என்றால் வினாடிக்கு 553 எம்பி, மணிக்கு 2 டிபி. வி90 என்று அச்சிட்ட எஸ்டி கார்டே வினாடிக்கு 90 எம்பிக்குத்தான் உத்தரவாதம் தருகிறது. 24 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 24 மெகாபிட்) வேகத்தில் ஏவிசிஎச்டி என்ற முறையில் சுருக்கும் கேமரா கார்டில் எழுதுவதோ வினாடிக்கு வெறும் 3 எம்பி.

ஆகவே நீங்கள் காசு கொடுப்பது கேமராவின் அவுட்புட் சாக்கெட்டுக்கு. சென்சாரில் இருந்து வரும் படம் சுருக்கப்படுவதற்கு முன்பே எச்டிஎம்ஐ அல்லது எஸ்டிஐ (தொழில்முறைக் கேமராக்களில் இருக்கும் வீடியோ இணைப்பு) வழியாக வெளியே வரும். அதை வேறொரு ரெக்கார்டர் பிடித்துக்கொள்ளும். மாடலைத் தேர்வு செய்யும்போது ஒரே ஓர் எண்ணில் ஏமாந்துவிடாதீர்கள். கேனான் எக்ஸ்ஏ55இல் எஸ்டிஐ உண்டு, எக்ஸ்ஏ50இல் இல்லை. பானாசோனிக் எச்சி-எக்ஸ்2000இல் உண்டு, எக்ஸ்1500இல் இல்லை. சோனி பிஎக்ஸ்டபிள்யூ-இசட்90இல் எஸ்டிஐ, எச்டிஎம்ஐ இரண்டும் உண்டு.

கேமராவுக்குப் பக்கத்திலேயே ரெக்கார்டரை மாட்டுவதாக இருந்தால் எச்டிஎம்ஐ போதும். ஆனால் மைக்ரோ எச்டிஎம்ஐ சாக்கெட் மிக மெல்லியது. கேபிளை ஒருமுறை யாராவது இடறினால் போயிற்று. கேபிளைக் கேமராவோடு சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப் கட்டாயம் வாங்குங்கள். சுசீந்திரம் தேரோட்டம், மண்டைக்காடு கொடை போன்ற கூட்டத்தில் கேமரா ஒரு பக்கமும் மிக்சிங் மேசை இன்னொரு பக்கமும் இருந்தால் எஸ்டிஐதான். அதன் பிஎன்சி முனை திருகிப் பூட்டிக்கொள்ளும். நல்ல கேபிளில் 3ஜி எஸ்டிஐ 70 மீட்டர் அளவுக்குப் போகும். 4கே எச்டிஎம்ஐ சாதாரண கேபிளில் 5 மீட்டரைத் தாண்டினாலே நம்ப முடியாது. எஸ்டிஐ மாட்டும்போது முதலில் ரெக்கார்டருக்குப் பவர் கொடுங்கள், பிறகு கேபிளை மாட்டுங்கள். கழற்றும்போது முதலில் கேபிள், பிறகு பவர். மாற்றிச் செய்தால் மின்னோட்டம் கேபிள் உறை வழியாகத் திரும்பி, சாக்கெட்டுக்குப் பின்னால் உள்ள சிப் எரிந்துபோகலாம்.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். உங்கள் ரெக்கார்டரையும் கேபிளையும் கையோடு கொண்டுபோக வேண்டும். முதலில் மெனுவில் அவுட்புட் டிஸ்பிளேயை அணைத்து, பேட்டரி அடையாளம், டைம்கோடு, போகஸ் சதுரம் எதுவும் படத்தின் மேல் வராமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சின்னச் சதுரம் வந்தாலும் அந்தக் கேமரா இந்த வேலைக்கு ஆகாது. அடுத்து, கார்டில் ரெக்கார்டிங் தொடங்குங்கள். சில மாடல்களில் கார்டில் எழுதத் தொடங்கியதும் வெளியே போகும் 4கே, எச்டியாகக் குறைந்துவிடும். சில கேமராக்கள் 25பி (வினாடிக்கு 25 முழுப் பிரேம்) எடுத்தாலும், ஒவ்வொரு பிரேமையும் இரண்டு பாதியாகப் பிரித்து 50ஐ என்று அனுப்பும். ரெக்கார்டர் இந்தப் பாதிகளைத் திரும்பவும் முழுப் பிரேமாகச் சேர்த்துப் பிடிக்குமா என்று கேளுங்கள். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 30 அல்லது 60 பிரேமில் எடுத்தால் பந்தல் விளக்கில் படம் துடிக்கும்.

10 பிட் உண்மையில் வருகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. எச்டிஎம்ஐயில் 8 பிட் படமும் 10 பிட் சிக்னலுக்குள் வரலாம், ரெக்கார்டர் திரையும் 10 பிட் என்றே காட்டும். கெயினை (வெளிச்சத்தைச் செயற்கையாகக் கூட்டும் அமைப்பு) 0வில் வைத்து, வெள்ளைச் சுவரின் ஓரத்தில் ஒரு பல்பை எரியவிட்டு, போகஸைக் கலைத்து எடுங்கள். அந்தக் கிளிப்பின் ஹிஸ்டோகிராமை (எந்த வெளிச்ச அளவில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம்) டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளில் திறந்தால், 8 பிட் படம் சீப்புப் பல் போல இடைவெளி விட்டு நிற்கும்.

சிவப்புப் பட்டுச் சேலையின் ஜரிகை ஓரத்தையும் எடுத்துப் பாருங்கள். 4:2:0வில் நான்கு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவல் என்பதால் சிவப்பு கசிந்து ஓரம் படிக்கட்டாகும். 4:2:2வில் இரண்டு பிக்சலுக்கு ஒன்று; பச்சைத் திரையை நீக்கி வேறு பின்னணி வைக்கும் கிரீன்மேட் வேலைக்கும் இதுதான் வேண்டும்.

ரெக்கார்டர் வாங்குவதிலும் கவனம் வேண்டும். அடோமோஸ் நிஞ்ஜா வி போன்றவை புரோரெஸ், டிஎன்எக்ஸ் கோடெக்கில் எழுதுகின்றன. அதுவும் சுருக்கம்தான், ஆனால் மிக லேசானது. பிளாக்மேஜிக்கின் பழைய ஹைப்பர்டெக் ஷட்டில் சுருக்காமலே எஸ்எஸ்டியில் எழுதும். இல்லையென்றால் டெக்லிங்க், அல்ட்ராஸ்டுடியோ போன்ற, வீடியோவைக் கம்ப்யூட்டருக்குள் பிடிக்கும் கேப்சர் கருவியோடு ஒரு கம்ப்யூட்டர். கோடெக் பட்டியலில் 'அன்கம்ப்ரஸ்டு' என்ற சொல் இருக்கிறதா என்று படித்துப் பார்த்தே வாங்குங்கள். 'ரா' என்று இருந்தால் அது சென்சாரின் பதப்படுத்தாத தரவு, வேறு விஷயம்.

அதிகம் கெடுப்பது எஸ்எஸ்டிதான். விலை மலிந்த டிரைவ்கள் முதலில் வேகமாக எழுதி, உள்ளே இருக்கும் கேஷ் (தற்காலிக வேக நினைவகம்) நிரம்பியதும் வினாடிக்கு 100 எம்பிக்கும் கீழே இறங்கிவிடும். அப்போது பிரேம் விடுபடும். கடையில் ஒரு நிமிடம் ஓடியதை வைத்து நம்பாமல், டிரைவ் நிரம்பும்வரை ஒருமுறை எழுதிப் பாருங்கள். 4கே 10 பிட்டுக்கு சாட்டா டிரைவ் ஒன்று போதாது, அதைவிட வேகமான என்விஎம்இ டிரைவ் வேண்டும். எக்ஸ்பேட் முறையில் பார்மேட் செய்யுங்கள். பேட்32 என்ற பழைய முறையில் 4 ஜிபிக்கு மேல் பைல் போகாது. எச்டி 10 பிட் அரை நிமிடத்தில் அதை எட்டிவிடும்.

கல்யாண வீட்டுக்கு இவ்வளவும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. எச்டி 10 பிட்டில் ஆறு மணி நேரம் எடுத்தால் 3 டிபி, இரண்டு பிரதி என்றால் 6 டிபி. வினாடிக்கு 120 எம்பி வேகமுள்ள ஹார்ட் டிஸ்க்கில் ஒரு மணி நேர வீடியோவை நகலெடுக்கவே ஏறத்தாழ 70 நிமிடம் பிடிக்கும். புரோரெஸ் 422 எச்க்யூ என்றால் மணிக்கு 83 ஜிபிதான். பார்ப்பவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கிரீன்மேட், அருவி, அந்தி வானம் என்று பின்னால் நிறைய வேலை செய்யப்போகும் ஷாட்டுக்கு மட்டும் சுருக்காமல் எடுங்கள்.

கடற்கரையில் எடுத்த நாளில் சாக்கெட்டுகளுக்கு மூடி போட மறக்காதீர்கள். உப்புக்காற்று பட்ட எச்டிஎம்ஐ முனையில் பச்சை படிந்து, சிக்னல் விட்டு விட்டு வரும். கேமராவே கெட்டுவிட்டது என்று தோன்றும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த, பஞ்சு உதிராத குச்சியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள்.