பழைய இசைத்தட்டு வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பழைய திரைப்பாடல் இசைத்தட்டு ஒன்றை வாங்கி வந்து, ஆசையோடு துடைத்து, வீட்டில் இருக்கும் பிளேயரில் வைத்து ஒரே ஒரு முறை ஓடவிடுவதிலேயே அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாத அளவுக்குக் கெடுத்துவிட முடியும். தட்டு சுழலும் ஒவ்வொரு முறையும் முள் அதன் பள்ளத்தைத் தொட்டு உரசியபடியே செல்கிறது. சரியான முள்ளும் சரியான எடையும் இருந்தால் அந்த உரசலால் பல ஆண்டுகளுக்குப் பெரிய சேதம் வராது. பொருந்தாத முள் பாட்டையே சுரண்டி எடுத்துவிடும். 1930, 40களின் தமிழ்ப் பாடல்கள் பலவற்றுக்குப் படச்சுருளும் இல்லை, மூல ஒலிப்பதிவும் இல்லை. மிஞ்சியிருப்பது தட்டு மட்டுமே. அதனால்தான் இந்தத் தவறுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

எல்லாத் தட்டையும் 'வினைல்' என்று நினைப்பது

விற்பவர்களும் வாங்குபவர்களும் ஒருசேரச் செய்யும் தவறு இது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டுகளில் பெரும்பாலானவை வினைல் அல்ல. அவை அரக்கினால் ஆனவை. அரக்குப்பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசினோடு கல்தூள் போன்ற கனிமப் பொடிகளைக் கலந்து அழுத்திச் செய்த தட்டுகள். கையில் எடுத்தால் கனக்கும். கீழே விழுந்தால் ஓட்டாஞ்சில்லாக உடையும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஒலிக்கும்; நீண்ட பாடல் என்றால் பாகம் 1, பாகம் 2 என இரண்டு பக்கமாகப் பிரித்திருப்பார்கள்.

வினைல் எனப்படும் நெகிழியால் ஆன, நிமிடத்துக்கு 33 முறை சுழலும் எல்.பி. என்ற நீண்டநேரத் தட்டு அமெரிக்காவில் 1948இல் வந்தது. 45 சுற்றுத் தட்டு அடுத்த ஆண்டு வந்தது. ஆனால் மேலை நாடுகள் அரக்குத் தட்டைக் கைவிட்ட பிறகும் இந்தியாவில் அது நீடித்தது. பீட்டில்ஸ் குழுவின் பாடல்களே 1960களில் இங்கே 78 சுற்றுத் தட்டுகளாக வெளிவந்தன. உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் இன்றும் அவற்றைத் தேடி அலைகிறார்கள். ஆக, ஐம்பதுகளின் தமிழ்ப் பாடல் ஒன்றை அதன் முதல் வெளியீட்டில் தேடுகிறவருக்கு அரக்குத் தட்டுதான் கிடைக்கும். லேபிளில் 78 என்று போட்டிருக்கிறதா, தட்டு கனமாக இருக்கிறதா என்று பாருங்கள். வளைகிறதா என்று மட்டும் சோதித்துவிடாதீர்கள். அரக்கு வளையாது, முறிந்துவிடும்.

இந்த வேறுபாடு தெரியாததால் வரும் முதல் ஆபத்து, சுத்தம் செய்யும்போது. வினைலுக்கு என்று கடையில் விற்கும் சுத்திகரிப்புத் திரவங்கள் பலவற்றில் ஆல்கஹால் இருக்கிறது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறார்கள்! அரக்குத் தட்டில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தால் அழுக்கோடு பாட்டும் போய்விடும். இரண்டு வகைக்கும் பொதுவாகப் போதுமானது, வடித்த நீரும் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவமும் மிருதுவான துணியும். பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். லேபிள் நனையக் கூடாது. அரக்குத் தட்டை நீரில் ஊற வைக்காமல் உடனே ஒற்றி எடுத்து உலர்த்த வேண்டும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். எண்ணெய் பள்ளத்தில் தங்கித் தூசியைப் பிடித்துச் சேறாக்கிவிடும்.

இரண்டாவது ஆபத்து முள்ளில் இருக்கிறது. எல்.பி.யின் பள்ளம் மிக நுண்ணியது. அதற்கான முள்ளின் நுனி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சுமார் 0.7 பங்கு ஆரம் கொண்டது. 78 சுற்றுத் தட்டுக்கு ஆயிரத்தில் 3 பங்கு அளவில் வேண்டும். எல்.பி. முள்ளை அரக்குத் தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் இறங்கி, அங்கே கிடக்கும் குப்பையைத்தான் பாடும், முள்ளும் கெடும். அரக்குத் தட்டின் முள்ளை எல்.பி.யில் வைத்தால் பள்ளத்தின் சுவரே சிதைந்துவிடும். இன்று விற்கும் பிளேயர்கள் பலவற்றில் 33, 45 என்ற இரு வேகங்களே உண்டு என்பதையும் வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாவி கொடுத்து ஓடும் பழைய கிராமபோனில் எல்.பி.யை வைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கொடுமை. அதன் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கும் மேலான பாரத்தோடு எஃகு முள்ளைத் தட்டில் அழுத்துகிறது. அரக்கில் கலந்திருக்கும் கனிமப் பொடி அந்த முள்ளைத் தேய்த்துப் பள்ளத்துக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவரும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்று மாற்றச் சொன்னார்கள். சிறு தகர டப்பாக்களில் நூற்றுக்கணக்கில் முள் விற்றதும் அதனால்தான். தேய்ந்த முள்ளைச் சிக்கனம் பார்த்துத் திரும்பப் பயன்படுத்தினால் அரக்குத் தட்டும் பிழைக்காது.

கண்ணால் மட்டும் பார்த்து வாங்குவது

தமிழ்நாட்டுத் தட்டுகளுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் மைக் செட்காரர்கள் போட்ட தட்டுகள்தான் இன்று சந்தைக்கு வருபவற்றில் கணிசமானவை. உறையிலும் லேபிளிலும் சவுண்ட் சர்வீஸின் பெயரும் ஊரும் வரிசை எண்ணும் எழுதியிருக்கும். அந்த எழுத்தைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஒரு மரியாதை வரும். நம் கிராமங்கள் இந்தப் பாடல்களைக் கேட்டதே அவர்கள் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகளில்தான். ஆனால் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: அந்தத் தட்டுகள் கனமான முள்ளின் கீழ் எத்தனையோ முறை ஓடியவை.

கீறலை எல்லோரும் பார்க்கிறார்கள். தேய்மானத்தை யாரும் பார்ப்பதில்லை. நீளமாக ஒரு கீறல் இருந்தும் நன்றாக ஒலிக்கும் தட்டு உண்டு. கீறலே இல்லாமல், ஆனால் பள்ளம் தேய்ந்து, சுசீலாவின் மேல்ஸ்தாயி எல்லாம் கரகரவென்று பிளக்கும் தட்டும் உண்டு. முன்னதை வாங்கலாம். பின்னதை என்ன செய்தாலும் மீட்க முடியாது. ஒற்றை விளக்கின் கீழ்த் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்திருந்தால் அது தேய்ந்த தட்டு. நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், பலமுறை பிளேயரில் ஏற்றப்பட்டது என்று பொருள். முடிந்தால் உட்பக்கப் பாடலின் கடைசிச் சரணத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தட்டின் மையத்தை நெருங்க நெருங்கத்தான் ஒலி முதலில் சிதையும்.

இணையத்தில் வாங்குபவர்கள் தர அடையாளங்களைச் சொல்லுக்குச் சொல் நம்பிவிடக் கூடாது. சேகரிப்பாளர்களின் வழக்கில் 'குட்' என்றால் நல்ல தட்டு அல்ல. தேய்ந்து, இரைச்சலோடு, எப்படியோ ஓடி முடியும் தட்டுக்கே அந்தப் பெயர். பாட்டை ரசித்துக் கேட்க வேண்டுமானால் 'வெரி குட் பிளஸ்' அல்லது அதற்கு மேல் தேடுங்கள். உறைக்குள் இருப்பது அந்த உறைக்குரிய தட்டுதானா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். உறைகள் மாறிப்போவது மிகச் சாதாரணம்.

பழையது எல்லாம் அரியது என்ற எண்ணமும் பணத்தைக் கரைக்கும். அறுபதுகளின் பெருவெற்றிப் பாடல்கள் ஏராளமாக அச்சாயின; பொறுமையாக இருந்தால் நல்ல படி ஒன்று நியாயமான விலைக்குக் கிடைக்கும். மாறாக, எண்பதுகளில் கேசட் பரவியபின் தட்டுகளின் அச்சு எண்ணிக்கை சரிந்தது. அதனால் எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்த எல்.பி.க்களே பல சமயம் கிடைப்பதற்கு அரிதாக இருக்கின்றன. 'அரிய தட்டு' என்று ஒருவர் சொல்லும் விலையை அன்றே கொடுத்துவிடாதீர்கள்.

பிளேயரில் மிச்சம் பிடிப்பது

தட்டுகளுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, அவற்றை ஒரு விளையாட்டுப் பொருள் போன்ற பெட்டி பிளேயரில் ஓட்டுபவர்களைக் காணும்போது மனம் பதைக்கிறது. நல்ல பிளேயரின் முள் ஒன்றரை முதல் இரண்டு கிராம் பாரத்தோடு தட்டில் அமரும். மலிவான பெட்டி பிளேயர்கள் பலவற்றில் இது ஐந்து கிராம் வரைகூடப் போகும். பாரத்தைக் குறைக்க வழியும் இருக்காது. பத்துத் தட்டு குறைவாக வாங்குங்கள். பாரத்தைச் சரிசெய்யக்கூடிய, முள்ளை மாற்றக்கூடிய பிளேயர் ஒன்றை வாங்குங்கள். வைர முள் சுமார் 500 முதல் 1,000 மணி நேரம் தாங்கும். பழைய பிளேயர் வாங்கினால், உள்ளே இருக்கும் முள் எத்தனை மணி நேரம் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள்.

பிளேயரை நேராக ஆம்ப்ளிஃபயரின் சாதாரண உள்ளீட்டில் செருகிவிட்டு, "இவ்வளவுதானா, ஒலி இத்தனை மெலிதாக இருக்கிறதே" என்று சலித்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். தட்டில் பதியும்போது தாழ்சுருதி ஒலியைக் குறைத்தும் உச்ச ஒலியைக் கூட்டியும்தான் பதிகிறார்கள். அதைத் திரும்பச் சமன்செய்து, மிகச் சிறிய மின்குறிப்பைப் பெருக்கித் தர ஃபோனோ பிரீஆம்ப் தேவை. சில பிளேயர்களில் அது உள்ளேயே இருக்கும். இல்லையென்றால் தனியாக வாங்க வேண்டும்.

இன்னொன்று. எழுபதுகளின் பிற்பகுதி வரை தமிழ்த் திரைப்பாடல்களில் பெரும்பாலானவை மோனோ, அதாவது இடம் வலம் என்று பிரிக்காத ஒற்றைத் தட ஒலிப்பதிவு. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அதை அழுத்திக் கேட்டுப் பாருங்கள். பள்ளத்தின் மேல்கீழ் அசைவில் பிறக்கும் இரைச்சல் பெருமளவு அடங்கி, குரல் நடுவில் வந்து நிற்கும்.

பித்தளைக் குழலோடும் நாய்ப் படத்தோடும் பளபளவென்று சந்தைகளில் விற்கும் 'பழங்கால கிராமபோன்'களை வாங்காதீர்கள். பெரும்பாலானவை உதிரிப் பாகங்களைக் கொண்டு அண்மையில் ஒட்டுப்போட்டவை. அலமாரிக்கு அழகாக இருக்கலாம், தட்டுக்கு எமன்.

பாட்டை ஏற்கெனவே கேட்டாயிற்று என்று எண்ணுவது

என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட வருந்தத்தக்க தவறு இதுதான். "இந்தப் பாட்டு யூடியூபில் இருக்கிறதே, தட்டு எதற்கு?" என்கிறார்கள். இருப்பது அதே பாட்டுத்தானா? ஒரு காலத்தில் படத்துக்குப் பாடியவர்கள் தட்டுக்காகத் தனியாக மீண்டும் பாடினார்கள். மூன்று நிமிடத்துக்குள் அடக்குவதற்காகப் பின்னணி இசையைச் சுருக்கினார்கள், சரணத்தை விட்டார்கள். படத்தில் இல்லாத சரணம் தட்டில் இருப்பதும் உண்டு. இணையத்தில் உலவும் பிரதி எந்த மூலத்திலிருந்து, எந்த வேகத்தில் எடுக்கப்பட்டது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வேகம் சற்று ஏறினாலே சுருதி மாறிவிடும்.

எஸ்.ஜி.கிட்டப்பாவை நினைத்துப் பாருங்கள். 1931இல் தமிழில் பேசும்படம் வந்துவிட்டது. 1933இல், முப்பது வயதுகூட நிறையாமல் அவர் மறைந்தார். ஒரு படத்திலும் அவர் நடிக்கவில்லை. நாடக மேடையில் தமிழகத்தையே கட்டிப்போட்ட அந்தக் குரல் நமக்கு வந்து சேர்ந்ததே அரக்குத் தட்டுகளின் வழியாகத்தான். அப்படி ஒரு தட்டை வெறும் காட்சிப் பொருளாகக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேட்கும்போது லேபிளையும் படியுங்கள். எம்.எஸ்.விஸ்வநாதனும் டி.கே.ராமமூர்த்தியும் 1965இல் பிரிந்தார்கள். இருவர் பெயரும் சேர்ந்திருந்தால் அந்தப் பாடல் பெரும்பாலும் அதுவரையிலான காலத்தது. தட்டு பின்னர் மறு அச்சாகியிருக்கலாம் என்பதால் லேபிளின் வடிவத்தையும், லேபிளைச் சுற்றிப் பாட்டில்லாமல் இருக்கும் உள்வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் ஒப்பிட வேண்டும். பழைய லேபிள்களில் பாடலாசிரியர் பெயர் விடுபட்டிருப்பதும் உண்டு. அந்த இடைவெளியை நிரப்ப, அந்நாளில் திரையரங்குகளில் விற்ற பாட்டுப் புத்தகங்களைத் தேடுங்கள். இன்றும் பழைய புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. தட்டைத் தேடுபவர்கள் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பின்பக்கத்தைக் கேட்காமல் விடாதீர்கள். எல்லோருக்கும் தெரிந்த பாட்டுக்காக வாங்கிய, நான்கு பாடல் கொண்ட சிறு தட்டான இ.பி.யில் மற்ற மூன்று பாடல்களும் இருக்கின்றன. சந்திரபாபுவின் ஒரு வேடிக்கைப் பாட்டோ, வானொலி மறந்தேபோன ஒரு ஜிக்கி பாட்டோ அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வீட்டில் வைத்துக் கெடுப்பது

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் செங்குத்தாக, சாயாமல் நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விட்ட வினைல் நெளிந்துவிடும்; மொட்டைமாடிக்குக் கீழுள்ள பரணும் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூசணம் பிடிக்கும். உறைகளை இராமபாணப் பூச்சி அரிக்கும், சுவரோரம் வைத்தால் கரையான் ஏறும். பழைய மெல்லிய பிளாஸ்டிக் உள்ளுறைகளைக் களைந்து நல்ல காகித உறைகளுக்கு மாற்றுங்கள். கூரியரில் அனுப்ப நேர்ந்தால் எல்.பி.யை உறையிலிருந்து வெளியே எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டுங்கள். இல்லையேல் வழியில் தட்டே உறையின் விளிம்பைக் கிழித்துவிடும்.

கணினியில் பதிந்து வைப்பவர்கள் இரைச்சலை நீக்கும் மென்பொருளைக் கடைசிவரை முடுக்குகிறார்கள். இரைச்சலோடு வயலின் வில்லின் உரசலும் பாடகியின் மூச்சும் போய்விடுகின்றன. முதலில் தட்டில் உள்ளபடியே ஒரு பிரதியை எடுத்து, எதையும் தொடாமல் தனியாக வையுங்கள். சுத்தம் செய்வதை இன்னொரு பிரதியில் செய்யுங்கள். கோப்பின் பெயரில் படம், பாடியவர், தட்டின் வரிசை எண், எந்த முள்ளால் எந்த வேகத்தில் எடுத்தது என்ற விவரங்கள் இருக்கட்டும். லேபிளின் இரு பக்கங்களையும் படமெடுத்து அதே கோப்புறையில் சேர்த்துவிடுங்கள்.