வருத்தத்தின் கதையை எழுதிக்கொண்டு வாருங்கள்

கிளினிக்கில் வைத்தியருக்கு முன்னால் இருக்கக் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்குள் "கனநாளாகச் சுகமில்லை டொக்டர், எல்லா மருந்தும் எடுத்துப் பார்த்தாச்சு" என்று சொல்லி முடித்தால், எல்லாருக்கும் எழுதுவதையே அவரும் எழுதித் தருவார். வேறென்ன செய்ய? வன்னியில் மருத்துவ விடுதிகளில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். அரிய நோய் என்று பிறகு பெயர் வைக்கப்பட்ட பலவற்றில், விடை ஸ்கேனுக்கு முன்பே நோயாளியின் வாயில் இருந்தது. "மண்வெட்டி வெட்டின காலோட வயலுக்குள்ள நிண்டனான் மிஸ்" என்று ஒருவர் விடுதிக்கு வந்து பல நாள் கழித்து, சோற்றுப் பார்சல் பிரிக்கும்போது பேச்சுவாக்கில் சொல்வார். முதல் நாளே அதைச் சொல்லியிருந்தால் வேறு மருந்து ஏறியிருக்கும்.

அதனால் ஒரு 40 பக்கக் கொப்பி வாங்குங்கள். தடிமலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் இது வேண்டாம். மருந்தெடுத்தும் ஒரு கிழமைக்கு மேல் விடாத காய்ச்சல், திடீரென்று வந்து திடீரென்று போகும் ஆட்டம் (படபடப்பு, வியர்வை, நடுக்கம்), மாதக்கணக்கில் மெல்ல மாறிக்கொண்டு போகும் உடம்பு, இந்த மூன்றுக்கும்தான். மூச்சு வாங்கினால், சிறுநீர் குறைந்தால், நினைவு தடுமாறிப் பேசினால் கொப்பியைத் தேடிக்கொண்டிருக்காமல் 1990க்கு அடித்து அம்புலன்ஸை எடுங்கள்.

எழுதும்போது ஒரே ஒரு கட்டுப்பாடு: நோயின் பெயரை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். "வாதம்", "பிரஷர் கூடினது", "நரம்புத் தளர்ச்சி" எல்லாம் நீங்களோ பக்கத்து வீட்டு அக்காவோ எடுத்த முடிவுகள். "நின்ற நிலையில் கண் இருண்டது, கதிரையைப் பிடித்தேன், பத்து நிமிடத்தில் சரியானது" என்பது நடந்தது. வைத்தியருக்கு வேண்டியது அதுதான்.

காய்ச்சல்காரர் எழுத வேண்டியது

காய்ச்சல் தொடங்கிய நாளில் இருந்து பின்னோக்கி ஒரு மாதம் போங்கள். ஏன் ஒரு மாதம்? எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் தலைகாட்டும், சிலவேளை ஒரு மாதம்வரை இழுக்கும். உண்ணிக் காய்ச்சலுக்கு ஏறத்தாழ 10 நாள். மெலியோய்டோசிஸ் என்ற மண் கிருமி நோய் பொதுவாக 1 முதல் 21 நாளுக்குள் வரும். ஆகவே நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்பதைவிட, மூன்று கிழமைக்கு முன் எந்தத் தண்ணீரில் நின்றீர்கள் என்பது பெரிய கேள்வி.

நாட்காட்டியில் திகதி நினைவில்லாவிட்டால் வேலையை வைத்துக் கணக்கிடுங்கள். காலபோக விதைப்பா, களை பிடுங்கினீர்களா, வெள்ளம் வடிந்த பிறகு கிணறு இறைத்தீர்களா, வாய்க்கால் துப்புரவாக்கினீர்களா, பாலைப்பழத்துக்கோ விறகுக்கோ பற்றைக்காட்டுக்குள் போனீர்களா, கண்ணிவெடி அகற்றும் வேலையா. காலில் வெட்டுக்காயம் இருந்ததா, வெறுங்காலா, சப்பாத்தா. இதையெல்லாம் "வேலை: கமம்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போட்டு அடைத்தால் ஒன்றும் தெரியாது.

மெலியோய்டோசிஸ் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சேற்றுக்கும் மழைக்கும் சீனி வருத்தத்துக்கும் அது நன்றாகப் பொருந்திப் போகிறது. ரங்கூனில் 1911இல் அல்பிரட் விட்மோர் என்ற வைத்தியரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசுவாமியும் முதலில் இனங்கண்ட நோய் இது. கிருமி ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கிறது. வெட்டுக்காயத்தால் போகும், பலத்த மழைக்காற்றில் மூச்சாலும் போகும். சீனி வருத்தம், சிறுநீரக வருத்தம், தலசீமியா என்ற பரம்பரை இரத்த வருத்தம், அளவுக்கு மிஞ்சிய குடி உள்ளவர்களை அது தேடிப் பிடிக்கும். நியூமோனியா போல வரும், ஈரலில் சீழ்க்கட்டியாக வரும், மூட்டில் வரும், சிலரில் சயரோகம் போல மாதக்கணக்கில் உருக்கும். பல ஆண்டுகள் உடம்புக்குள் உறங்கிக் கிடந்து எழும்பியதும் உண்டு. பென்சிலினுக்கும் ஜென்டாமைசினுக்கும் அசையாது. செஃப்டசிடிம் அல்லது மெரொபெனம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், அப்புறம் கோட்ரைமொக்சசோல் குளிசை குறைந்தது 3 மாதம். காய்ச்சல் விட்டதும் குளிசையை நிறுத்துகிறவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் திரும்ப வருகிறது. சல்ஃபா மருந்துக்கு முன்பு எப்போதாவது உடம்பு தடித்திருந்தால் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பால் எழுதுங்கள், ஏனென்றால் கோட்ரைமொக்சசோல் அந்த வகைதான்.

இரத்தக் கல்ச்சர் (இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்குமுன் நீங்கள் ஏற்கெனவே விழுங்கிய அன்டிபயோட்டிக்கின் பெயர் வேண்டும். பாமசியில் வாங்கிய அட்டையை எறியாமல் கொப்பிக்குள் ஒட்டுங்கள். "மஞ்சளும் சிவப்புமாய் ஒரு கப்சியூல்" என்று சொல்லி எங்களைச் சோதிடம் பார்க்க வைக்காதீர்கள். கல்ச்சர் முடிவு வரச் சில நாள் ஆகும், அதற்குள் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பியும் விடுவார்கள். மெலியோய்டோசிஸ் கிருமியைச் சாதாரண சூடோமோனாஸ் என்ற வேறு கிருமி என்று ஆய்வுகூடத்தில் கடந்துவிடுவதும் உலகெங்கும் நடக்கிற விஷயம். வீட்டுக்குப் போன பிறகும் முடிவைக் கேட்டு வாங்குங்கள், வேலை செய்யும் தொலைபேசி இலக்கம் ஒன்றைக் கொடுங்கள்.

உண்ணிக் காய்ச்சலுக்கு எழுத்தைவிடக் கண் முக்கியம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கலாம். நோகாது, அரிக்காது, ஆகவே ஆளுக்கே தெரியாது. அக்குள், கவட்டி, மார்புக்குக் கீழ், காதுக்குப் பின், இடுப்புப் பட்டி படும் இடம். வைத்தியருக்குக் காட்ட வெட்கமென்றால் வீட்டில் மனைவியையோ அம்மாவையோ பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பொருக்கைக் கண்டால் பாதி வழக்கு முடிந்தது. டொக்சிசைக்கிளின் தொடங்கி இரண்டு நாளில் பெரும்பாலும் காய்ச்சல் விழும். நோகாமல் ஆறாமல் மாதக்கணக்கில் இருக்கும் தோல் புண் வேறு, அது மணல் ஈ கொண்டுவரும் லெய்ஷ்மேனியாவாக இருக்கலாம், தோல் கிளினிக்குக்குப் போங்கள்.

வந்து போகும் ஆட்டம்

ஹோர்மோன் சுரக்கும் கட்டிகள் மிக அரிது. நெஞ்சு படபடக்கிற எல்லாருக்கும் கட்டி என்று நினைத்துவிட வேண்டாம். தைரொயிட், மாதவிடாய் நிற்கும் வயது, இரத்தக் குறைவு, பயம் என்று வேறு காரணங்கள் நிறைய உண்டு. யுத்தம் கடந்து வந்த நம் சனத்துக்குப் பயப்படக் காரணமா இல்லை? ஆனால் அதே காரணத்தால்தான் இங்கே எந்தப் படபடப்பையும் "யோசினை" என்று சொல்லி அனுப்பிவிடுவது சுலபமாக இருக்கிறது. தலையிடி, வியர்வை, நெஞ்சுத் துடிப்பு மூன்றும் ஒன்றாக வந்து, அந்த நேரம் பிரஷர் எகிறி, பிறகு தானாக இறங்கினால், சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபியோகுரோமோசைட்டோமா என்பார்கள்.

இதற்கு எழுதுவது இப்படி: வந்த நேரம், நின்ற நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை. நெல் மூட்டை தூக்கினீர்களா, குனிந்தீர்களா, சலம் கழித்த கையோடு வந்ததா, வாந்திக்கு ஊசி போட்ட பிறகா. முகம் சிவந்ததா வெளிறியதா, பக்கத்தில் இருந்தவரைக் கேட்டு எழுதுங்கள். பிரஷர் மெஷின் ஊரில் யாரிடமாவது இருந்தால் ஆட்டத்தின்போது ஒரு தரம், அடங்கி ஒரு மணி நேரம் கழித்து ஒரு தரம். அடங்கிய பிறகு மட்டும் அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும், உங்களைப் பொய்க்காரர் என்பார்கள். அட்டெனலோலோ புரொப்ரனலோலோ (பீற்றா வகைப் பிரஷர் மருந்துகள்) போட்ட பிறகு கூடினதா என்றும் எழுதுங்கள். இந்தக் கட்டிக்கு முதலில் அல்ஃபா வகை மருந்தைக் கொடுத்து, பிறகுதான் பீற்றா வகையைத் தொடுவார்கள். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது.

1886இல் ஜேர்மனியின் ஃபிரைபேர்க்கில் ஃபெலிக்ஸ் ஃபிரங்கெல் என்ற வைத்தியர் இப்படித் திடீர்ப் படபடப்போடு வந்து இறந்த 18 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார். இரண்டு பக்கச் சுரப்பியிலும் கட்டி. அவர் அத்தனை நுணுக்கமாக எழுதி வைத்ததால், 2007இல் அந்தப் பெண்ணின் உறவு வழியில் வந்தவர்களைச் சோதித்து, அது பரம்பரை நோய் என்று உறுதி செய்ய முடிந்தது. ஆகவே குடும்பப் பக்கம் ஒன்றும் வேண்டும். கழுத்தில் கட்டி வெட்டியவர், சின்ன வயதிலேயே பிரஷர் வந்தவர், சத்திரசிகிச்சை மேசையிலோ பிள்ளைப்பேற்றிலோ திடீரென்று போனவர் யாரும் உண்டா. நம்மிடம் இந்தப் பக்கம் ஓட்டை விழுந்து கிடக்கும். ஷெல்லில் செத்த மாமாவுக்கு அதற்கு முன் என்ன வருத்தம் இருந்தது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பெரியம்மாமாரை வட்ஸ்அப்பில் கேளுங்கள், அவர்களுக்கு நினைவிருக்கும்.

இன்னோர் ஆட்டம் பசியோடு வரும். கந்தசஷ்டி விரதத்தில், விடியப்புறத்தில், சாப்பாடு பிந்திய நாளில் ஒருவர் வியர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசி, சில வேளை வலிப்பும் வந்து விழுகிறார். கோயிலில் விழுந்தால் உரு வந்தது என்பார்கள், வீட்டில் விழுந்தால் பேய். தேத்தண்ணி சீனியோடு கொடுத்ததும் தெளிந்தால் கவனியுங்கள். நியூயோர்க் சத்திரசிகிச்சை நிபுணர் அலன் விப்பிள் 1930களில் சொன்ன மூன்று அடையாளங்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன: சீனி குறைந்ததற்கான குணங்குறி, அந்த நேரத்தில் அளந்த சீனி உண்மையிலேயே குறைவு, சீனி ஏறியதும் சுகம். சீனி வருத்தம் இல்லாதவருக்கு 55 mg/dLக்குக் கீழ் என்றால் விஷயம் உண்டு. இன்சுலினைத் தேவையில்லாமல் கொட்டும் சின்னக் கட்டி கணையத்தில் இருக்கலாம். குளுக்கோமீற்றர் கையில் இருந்தால் குத்திப் பார்த்துவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் தாமதிக்காமல் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது. வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் பையோடு கொண்டு வாருங்கள். தாத்தாவின் சீனிக் குளிசையைப் பிரஷர்க் குளிசை என்று பாட்டி விழுங்கினாலும் இதே கதைதான் வரும்.

மெல்ல மாறும் உடம்பு

இதற்குப் படம்தான் சாட்சி. முகம் வட்டமாகி, வயிறு பெருத்து, கைகால் மெலிந்து, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் வந்தால் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் கூடியிருக்கலாம். ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க வைத்தியர் 1912இல் இப்படியான 23 வயதுப் பெண்ணின் கதையை எழுதினார், 1932இல்தான் மூளைக்கடியிலுள்ள பிட்யூட்டரிக் கட்டியோடு அதை முழுதாக இணைத்தார். கலியாண அல்பம் 2009இல் போய்விட்டதென்றால் அடையாள அட்டைப் படம் போதும், பாஸ்போட் இருந்தால் அதுவும். மோதிரம் ஏறவில்லை, செருப்பு இலக்கம் கூடிவிட்டது என்பதும் எழுத வேண்டியதே, அது வளர்ச்சி ஹோர்மோன் விஷயம். மூட்டு நோவுக்கு ஆரோ தந்த பெயரில்லாக் குளிசையையும் தூளையும் மறைக்காதீர்கள். அதில் ஸ்டீரொயிட் இருந்தால் கட்டியே இல்லாமல் இதே முகம் வரும். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

எதிர்ப்பக்கமும் உண்டு, கோர்ட்டிசோல் குறைவது. மெலிவு, எழும்பினால் தலைசுற்று, உப்புக்கு ஆசை, உடம்பு கறுப்பது. லண்டனில் தோமஸ் அடிசன் 1855இல் எழுதியது. அவருடைய நோயாளர் பலருக்குச் சயரோகம் சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் சுரப்பியைத் தின்றிருந்தது. வன்னி வெயிலில் யார்தான் கறுக்கவில்லை என்று கேட்பீர்கள். உள்ளங்கை ரேகைக்குள்ளும் பல்முரசிலும் வெயில் படாது, அங்கே பாருங்கள். முன்பு சயரோகத்துக்கு மருந்தெடுத்திருந்தால் ஆண்டோடு எழுதுங்கள்.

பரிசோதனைக்கு அனுப்பும்போது

24 மணிநேரச் சிறுநீர் என்றால் காலை முதல் சலத்தை வெளியே விட்டு, அந்த நேரத்தைக் குறித்து, மறுநாள் அதே நேரச் சலம்வரை ஒரு சொட்டும் விடாமல் சேர்ப்பது. போத்தலில் முன்பே அமிலம் ஊற்றித் தந்திருந்தால் அதைக் கொட்டிக் கழுவாதீர்கள், நேரே போத்தலுக்குள் கழிக்காதீர்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கோர்ட்டிசோல் பார்க்க இரவு 11 மணிக்கு ஒரு குளிசை, காலை 8, 9 மணிக்குள் இரத்தம் என்றால் தூரத்துக் கிராமத்தார் முதல் பஸ்ஸை முன்பே விசாரித்து வையுங்கள். எடுத்த நேரத்தை எழுதுங்கள்.

எம்ஆர்ஐ என்றால் ஒன்றை மறக்கவே கூடாது. உடம்பில் ஷெல் துண்டு இருந்தால் சொல்லுங்கள். அந்த மெஷின் பெரிய காந்தம். கண்ணுக்கருகில், முள்ளந்தண்டில், இரத்தக் குழாய்ப் பக்கம் இரும்புத் துண்டு கிடந்தால் அது அசையலாம். காயப்பட்ட ஆண்டு, இடம், எடுத்ததா விட்டதா என்று எழுதுங்கள். நினைவில்லாவிட்டால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். பங்கர் காலத்துக் காயத்தைப் பற்றிப் பேச விருப்பமில்லாதவர்கள் உண்டு, அவர்கள் எழுதிய தாளை நீட்டினால் போதும்.

உங்கள் வருத்தம் உண்மையிலேயே அரிதாக இருந்தால், அதைக் கட்டுரையாக எழுத வைத்தியர் சம்மதம் கேட்கலாம். மற்ற வைத்தியர்கள் படித்துப் பயன்பெறுவார்கள், ஆகவே கொடுப்பது நல்லது என்பது என் எண்ணம். ஆனால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மறுத்தால் மருந்து நிற்காது. கண்ணுக்கு மேல் கறுப்புக் கோடு போட்ட படம் ஆளை மறைக்காது. நம்முடைய ஊர்கள் சிறியவை, வயதும் தொழிலும் குளத்தின் பெயரும் சேர்ந்தால் ஆர் என்று சந்தையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கிராமத்தை எடுத்துவிட்டு "வடமாகாணம்" என்று மட்டும் போடச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.