பிக்கப் எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்னால்

"காமன் ரயில் வண்டியா? அது கம்ப்யூட்டர் வண்டிங்க, கம்பெனிக்கே கொண்டு போயிடுங்க" என்று கும்பிடு போட்டு அனுப்பும் பட்டறைகள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன. காமன் ரயில் என்பது, டீசலை ஒரே குழாயில் அழுத்தத்தோடு தேக்கி, கம்ப்யூட்டர் சொல்கிறபடி இன்ஜெக்டர்கள் வழியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்; அந்தக் குழாய்தான் ரயில். என் பட்டறை மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் போகும் ரோட்டில். தை, மாசியில் கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை அடிக்கும் பிக்கப்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. புது வண்டியில் எஞ்சினைப் பிரிக்கும் வேலை அபூர்வம். என்னிடம் வருகிற கோளாறில் பெரும்பகுதி ஒயரிலும் டீசலிலும் காற்றுக் குழாயிலும்தான் இருக்கிறது. ஆனால் பார்க்கிற வரிசை மாறிவிட்டது.

முதலில், செய்யவே கூடாத ஒன்று. பழைய பம்ப் வண்டியில் எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்க்க, ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் பண்ணுவோம். காமன் ரயிலில் அந்த வித்தை வேண்டாம். டயரில் நாம் அடிக்கும் காற்று 5 பார் அளவுதான். இந்த ரயிலில் ஐடிலிலேயே 250 பார் பக்கம் நிற்கும், லோடு இழுக்கும்போது 1600-ஐயும் தாண்டும். லீக் எங்கே என்று விரலால் தடவினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்திய புள்ளி மாதிரிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது. அப்படியே விட்டால் விரலை எடுக்க வேண்டி வரலாம், நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். லீக் பார்க்க ஒரு அட்டைத் துண்டு போதும்.

சரி, செக் என்ஜின் லைட் எரிகிறது, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் செருகினால் சாதாரண ஸ்கேனரே அடிப்படைக் கோடுகளை, அதாவது கோளாறைச் சொல்லும் குறியீடுகளைக் காட்டும். கோடு வந்ததும் பார்ட்ஸ் வாங்க ஓடாதீர்கள். பேட்டரி வீக்காக இருந்தாலே சம்பந்தமில்லாத கோடெல்லாம் வரும், முதலில் அதைப் பாருங்கள்.

பி 0201 முதல் 0204 வரை வந்தால் ஒன்று முதல் நான்காவது இன்ஜெக்டர் வரை அந்தந்த சர்க்யூட்டில் கோளாறு. நம் ஊரில் இதற்கு முதல் சந்தேகம் எலி மேல்தான். அறுவடை முடிந்து வயலில் தீனி இல்லாமல் போனதும், களத்து ஓரம் நிற்கும் வண்டியின் சூட்டுக்கு வந்து பானெட்டுக்குள் குடியேறிவிடும். டார்ச் அடித்து ஒயர் கட்டை முழு நீளத்துக்கும் பாருங்கள், அடிப்பக்கத்தை விடாதீர்கள். கடித்த இடத்தில் முறுக்கி டேப் சுற்றுவது இரண்டு மழைக்குத் தாங்காது. சால்டர் வைத்து ஸ்லீவ் போட வேண்டும். (சைடு பலகைக்கு வெல்டிங் வைக்கும்போதும் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும். எஞ்சினின் கம்ப்யூட்டரான இசியூ போனால் செலவு பெரிது.)

பி 0087 வந்தால் ரயில் பிரஷர் போதவில்லை. உடனே பம்பைக் கழற்றுபவர்கள் உண்டு. நான் டீசல் பில்டருக்குத்தான் போவேன். அறுப்பு மெஷினுக்கு டிரம்மில் வாங்கி வைத்த டீசலை அவசரத்துக்கு வண்டியிலும் ஊற்றுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த டிரம்முக்குள் தண்ணீர் இறங்காமல் இருக்குமா? எஞ்சினை நிறுத்தி, பில்டர் அடியில் உள்ள ஸ்க்ரூவைத் திருகி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். கொஞ்ச நேரம் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். அப்படி நின்றால் பில்டரை மாற்றி டேங்கையும் கழுவ வேண்டும். பிறகு கை பம்பை இறுகும்வரை அடித்துக் காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள்.

கோடே இல்லாமல் கரும்புகை, இழுவை இல்லை என்றால், காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து அதைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கையால் வளைத்துப் பாருங்கள். விரிசல் அடிப்பக்கம்தான் விழும், எண்ணெய்ப் பிசுக்கு காட்டிக் கொடுக்கும். ஏர் பில்டரில் நெல் தூசு அடைத்தாலும் இதே கதைதான்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் இன்ஜெக்டர். மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி நாலு ஒரே அளவு பாட்டிலில் விட்டு, ஐடிலில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். எந்த பாட்டில் மற்றதைவிட வேகமாக நிறைகிறதோ அந்த இன்ஜெக்டர் உள்ளுக்குள் கசிகிறது. நாலையும் மாற்றச் சொன்னால் இந்த பாட்டிலைக் காட்டிக் கேளுங்கள்.

பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியில், அதாவது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்ததில், கூடுதல் தலைவலி புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் பில்டரான டி.பி.எஃப். வயலிலிருந்து கொள்முதல் நிலையம் இரண்டு மைல், அங்கே வரிசையில் எஞ்சினை அணைக்காமல் காத்திருப்பு. இந்த ஓட்டத்துக்குக் கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். லைட் வந்தால், வண்டிக் கையேட்டில் சொன்னபடி, தஞ்சாவூர் ரோட்டில் ஒரே சீராக விரட்டி வாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகும். அந்தக் கரி எரியும்போது உள்ளே 600 டிகிரி பக்கம் போகும். அந்தச் சூட்டோடு வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள்.

புதிதாக வாங்குபவர்கள் ஷோரூமிலேயே பானெட்டைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள். டீசல் பில்டர், ஆயில் பில்டர், பெல்ட் மூன்றும் எதையும் கழற்றாமல் எட்டினால் போதும். அமெரிக்காவில் ஃபோர்டின் பெரிய பிக்கப்களில் ஹெட் வேலைக்கு கேபினையே சேஸிஸிலிருந்து தூக்கிவிடுகிறார்கள். அந்த அளவுக்கு நம் வண்டிகள் இன்னும் போகவில்லை. சீட்டைத் தூக்கினால் எஞ்சின் தெரியும் சின்ன வண்டிகளில் மட்டும் முதுகு வலி நிச்சயம்.

இன்ஜெக்டரைக் கழற்ற விடும் முன் அதன் தலையில் அடித்திருக்கும் அடையாள எழுத்துக் கோடை செல்போனில் படம் எடுங்கள், எது எந்த சிலிண்டர் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். புதிது போட்டால் அதன் கோடை ஸ்கேனர் வழியாக இசியூவில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் புது இன்ஜெக்டரே தட்டும். அடியில் இருக்கும் செம்பு வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழையதைத் தேய்த்துப் போட விடாதீர்கள்.