கேம் கன்சோலுக்கு வீட்டு இணைய இணைப்பு

சென்னை அடுக்குமாடி வீடுகளில் ரவுட்டர் வாசற்கதவை ஒட்டியும் டிவி கூடத்தின் மறுகோடியிலும் இருப்பது வழக்கம் என்பதால், வைஃபையா, லேன் கேபிளா என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். என் தேர்வு கேபிள்தான். கேட் 6 ரக லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும்; சுவரோரமாகக் கிளிப் அடித்து இழுத்துவிட்டால், பார்வைக்குச் சற்று உறுத்தினாலும், ஆட்டம் நடுவில் தடுமாறாது.

வைஃபைதான் வழி என்றால், ரவுட்டர் அருகில் இருக்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும், மயிலாப்பூர்ப் பழைய வீடுகளைப் போலக் கனத்த சுவர்கள் குறுக்கிட்டால் வேகம் குறைந்தாலும் தொலைவு எட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸையும் தேர்ந்தெடுக்கலாம். 2013-இல் வெளிவந்த முதல் பிளேஸ்டேஷன் 4-க்கு இந்தக் கேள்வியே இல்லை. அதற்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது.

பிளேஸ்டேஷன் 5-இல் செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க் பகுதியைத் திறந்து இணைப்பை அமைத்தபின், இணைப்புச் சோதனையை ஓட்டி, ‘நாட் டைப்’ என்ற வரியைப் பார்க்க வேண்டும்; மற்றவர்களின் கன்சோல்கள் நம் கன்சோலை எவ்வளவு எளிதாக எட்டலாம் என்பதைக் காட்டும் எண் அது. அங்கே 3 என்று வந்தால், பதிவிறக்கம் ஒழுங்காக நடந்தாலும் நண்பர்களுடன் பேசுவதும் சேர்ந்து ஆடுவதும் சிக்கலாகும். ரவுட்டரில், கன்சோலுக்கு வேண்டிய வழிகளைத் தானாகத் திறந்துவிடும் யூபிஎன்பி வசதியை இயக்கிக் கன்சோலை மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் அது 2 ஆகிவிடும். எனக்கு ஆகவில்லை, இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான பொது ஐபி முகவரி ஒன்றையே என் இணைய நிறுவனத்தார் பல வீடுகளுக்குப் பகிர்ந்திருந்தார்கள் என்பது இரண்டு மாலைகள் வீணான பிறகே தெரிந்தது. அப்படியானால் இணைய நிறுவனத்திடம் தனிப் பொது ஐபி கேட்டுப் பெறுவதே வழி.