போன், பழைய சாக்ஸ், திருவொற்றியூர் அலை

கடலைக் காட்டுகிறேன் என்று வடசென்னையில் எங்கள் திருவொற்றியூர்ப் பக்கம் யாரையாவது கூட்டிப் போனால், கொட்டி வைத்திருக்கும் கல்லைத்தான் காட்ட முடியும். அதனால் டியூஷன் பிள்ளைகளைக் கண்ணை மூடிக் கேட்கச் சொன்னேன். நீங்களும் உங்கள் தெருவில் செய்யலாம்.

கடல் சத்தத்தைப் பதிவு செய்ய ஒரு போனும் பழைய சாக்ஸும் போதும். சாக்ஸ் எதற்கா? முதல் தடவை அரை மணி நேரம் பதிவு செய்து வீட்டில் போட்டுப் பார்த்தால், புஸ்ஸு புஸ்ஸென்று காற்றுதான். போனுக்குச் சாக்ஸ் மாட்டி, காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் கடல்காற்று வந்துவிடும், ரோட்டில் கண்டெய்னர் லாரியும் கூடிவிடும். இடம், தேதி, மணியைச் சொல்லிவிட்டு இரண்டு நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய கஷ்டம்.

முதலில் கல் கொட்டிய இடத்தில் ஒரு பதிவு. அலை தொம்மென்று விழும், பிறகு இடுக்குகளில் களக் களக்கென்று தண்ணீர் இறங்கும். அடுத்தது எண்ணூர் முகத்துவாரம் பக்கம், மணல் இருக்கிற இடமாகப் பார்த்து. அங்கே சர்ரென்று ஏறி, திரும்பும்போது பொரி நமுத்த மாதிரி நுரை அடங்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் எவனாவது ஒருவன் கேட்பான்: "ஏன் சார் வேற மாதிரி கேக்குது?"

விஷயம் இதுதான். 1870களில் சென்னைத் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணலை அதன் சுவர் மறித்தது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே இங்கே கடல் கரையைத் தின்றது. கல் வந்தது அதற்குப் பிறகு.

ஆனால் அதை நீங்கள் சொல்லாதீர்கள். கரையோரத்துப் பெரியவர்கள் வாயால் வரட்டும், அதையும் பதிவு செய்யுங்கள். "கடலைப் பத்திச் சொல்லுங்க ஆயா" என்று கேட்டால் "என்னாத்த சொல்றது" என்றுதான் பதில் வரும். நான் எங்கள் தெரு ஆயாவிடம் கேட்டது: "உங்க வாசலுக்கும் கடலுக்கும் நடுவுல அப்போ என்னா இருந்துச்சு?"

"மணலுதான். அத்தத் தாண்டறதுக்குள்ள காலு வெந்துரும். செருப்பு ஏது அப்போ?"

இந்தப் பேச்சு முடிந்த கையோடு கல்லில் விழும் அலையை ஒட்டினேன். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பதிவை முதலில் பேசியவருக்கே போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் வெட்டிவிடுங்கள். ஆயா மருமகளைப் பற்றிச் சொன்னதை வெட்டச் சொன்னார். அதுதான் இருந்ததிலேயே நல்ல பகுதி. போகட்டும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு இரண்டு தடவை போக வேண்டும். ஒரு ஞாயிறு விடியலில் ஏலக் குரலும் ஐஸ் உடைக்கும் சத்தமும் கிடைக்கும். மறுபடி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அதே இடத்தில் நில்லுங்கள். விசைப்படகு இன்ஜின் ஓடாது. போன மே மாதம் எங்கள் போனில் பதிவானது படகைப் பழுது பார்க்கும் சுத்தியலும் காக்காயும்.